இணையவழி நிதி திரட்டலும் நம் பங்கு மக்களின் கடமையும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)

 

நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பைக் கேள்விப்பட்ட பெரியவர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். "கைப்பேசியில் தர்மம் கேட்கிறதும் கொடுக்கிறதும் கோயிலில் பேச வேண்டிய காரியமா?" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குப் பதில் சொல்வதாகவே இவ்வுரையை அமைத்துக் கொள்கிறோம்.

இந்தக் கோயில் எப்படி எழும்பியது என்பதை முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர்கள் அறிவார்கள். பெருந்தனவந்தர் எவரும் வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கல் சுமந்தவர்கள் உண்டு. மண் சுமந்தவர்கள் உண்டு. ஒரு நாள் கூலியை அப்படியே உண்டியலில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் ஏலம் நடக்கும். நேர்ச்சையாக வந்த சேவல், தோட்டத்தில் முதலில் காய்த்த பூசணி, ஒரு குலை இளநீர், சில நாளில் ஒற்றைக் கோழிமுட்டை. அந்த முட்டை பத்து முட்டையின் விலைக்குப் போகும். ஏலம் எடுத்தவரே அதைத் திரும்பவும் காணிக்கையாக வைப்பார். திரும்பவும் ஏலம் தொடங்கும். கடைசியில் முட்டை யார் வீட்டுக்குப் போயிற்று என்பது யாருக்கும் நினைவிருக்காது. சுவரில் இரண்டு வரி செங்கல் ஏறியிருக்கும்.

ஊரார் பலர் சிறுகச் சிறுகக் கொடுத்து, ஒருவரால் தூக்க முடியாத சுமையைத் தூக்குவது நமக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொன்னோம். இன்று அந்த ஏலக் களம் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'கிரவுட் ஃபண்டிங்' என்கிறார்கள். தமிழில் 'திரள்நிதி' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். நோயாளியின் நிலைமையையும் மருத்துவமனை கேட்கும் தொகையையும் இணையதளத்தில் ஒரு பக்கமாக எழுதி வைக்கிறார்கள். படிக்கிறவர் தம்மால் இயன்றதை அனுப்புகிறார். இவ்வளவு சேர்ந்திருக்கிறது, இன்னும் இவ்வளவு வேண்டும் என்ற கணக்கு அந்தப் பக்கத்திலேயே ஏறிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் கோஃபண்ட்மி என்ற தளமும் நம் நாட்டில் மிலாப் என்ற தளமும் 2010-இல் தொடங்கின. கேட்டோ 2012-இல் வந்தது. இவற்றோடு 2016-இல் யுபிஐ என்ற முறையும் வந்தது. பத்து ரூபாயை அனுப்ப மணியார்டர் படிவம், கமிஷன், தபால் நிலையத்தில் அரை நாள் என்றிருந்த காலம் போய், பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே போய்ச் சேருகிறது. ஏழையின் காணிக்கைக்கு வழி திறந்தது இந்தச் சிறு வசதிதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

முன்மாதிரி வேண்டுமென்றால் வேதாகமத்திலேயே இருக்கிறது. யெருசலேம் சபை வறுமையில் வாடியபோது புனித சின்னப்பர் என்ன செய்தார்? யெருசலேமை ஒருபோதும் கண்டிராத கொரிந்து நகரத்தாரிடமும் மக்கெதோனிய நாட்டாரிடமும் பணம் திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கேற்ப ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள், நான் வந்து நிற்கும்போது அவசர அவசரமாகத் தண்டல் வேண்டாம் என்று எழுதினார். மக்கெதோனியர் தாங்களே ஏழைகளாய் இருந்தும் சக்திக்கு மீறிக் கொடுத்தார்கள் என்று கொரிந்தியருக்குச் சுட்டிக்காட்டினார். முகம் தெரியாதவருக்கு, கடல் கடந்து, பலரும் சிறுகச் சேர்த்து அனுப்பிய நிதி அது. கருவிதான் அன்று ஓலையும் கப்பலும், இன்று கைப்பேசி.

உலக நடப்பிலிருந்தும் ஓர் உதாரணம். நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையைப் படத்தில் பார்க்காதவர் இல்லை. சிலையைப் பிரெஞ்சு மக்கள் கொடுத்தார்கள். அதை நிறுத்தப் பீடம் கட்ட அமெரிக்காவில் பணம் போதவில்லை. 1885 மார்ச் மாதத்தில் ஜோசப் புலிட்சர் என்ற பத்திரிகையாளர் தமது 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவோம் என்றார். ஐந்தே மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களில் மிகப் பலர் ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தவர்கள். பள்ளிப் பிள்ளைகள் தம் மிட்டாய்க் காசை அனுப்பினார்கள். 1886-இல் சிலை திறக்கப்பட்டது.

நம் பக்கத்துச் செய்திக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறவியிலேயே தசைகள் தளர்ந்து போகும் ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி என்ற நோய். அதற்கு ஒரே ஊசியாகப் போடும் சோல்ஜென்ஸ்மா என்ற மருந்து. விலை ஏறக்குறைய 16 கோடி ரூபாய். அந்த ஆண்டு மும்பையில் ஒரு குழந்தைக்கும், பிறகு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு குழந்தைக்கும் இந்தத் தொகையைப் பொதுமக்கள் திரட்டிக் கொடுத்தார்கள். இறக்குமதித் தீர்வையும் ஜி.எஸ்.டி. வரியுமாக மேலும் 6 கோடி கட்ட வேண்டியிருந்ததை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு 18 கோடி வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பணம் நிரம்பிவிட்டது. போதும், இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளிலிருந்து வந்த தொகை 46 கோடியைத் தாண்டியிருந்தது. தேவைக்கு மேல் வந்ததை அதே நோயால் வாடும் வேறு குழந்தைகளுக்குக் கொடுப்பதாக நிதி திரட்டிய குழுவினர் அறிவித்தார்கள்.

இதைக் கேட்டு உள்ளம் குளிராதவர் யார்? சாதி கேட்காமல், மதம் கேட்காமல், கொடுத்தவன் இன்னான் என்று அறியாமல் இவ்வளவு பெரிய அன்பு பெருகியிருக்கிறது. சமாரியன் உவமையை நாம் பிரசங்கத்தில் கேட்கிறோம். அவர்கள் செய்து காட்டினார்கள்.

ஆனால் இத்தோடு கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டால் பாதி உண்மையைத்தான் பேசியவர்களாவோம். நிரம்பிய உண்டியல்கள்தாம் செய்தித்தாளில் வருகின்றன, நிரம்பாதவை வருவதில்லை. அமெரிக்காவில் 2016 முதல் 2020 வரை கோஃபண்ட்மி தளத்தில் மருத்துவத்துக்காக வெளியான நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வேண்டுகோள்களை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். கேட்ட தொகை முழுவதும் கிடைத்தது 100-க்கு 12 பேருக்குத்தான். 16 பேருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. மருத்துவக் கடன் அதிகமாயும் காப்பீடு குறைவாயும் உள்ள பகுதிகளிலிருந்து வேண்டுகோள்கள் அதிகம். அங்கே போய்ச் சேர்ந்த பணமோ குறைவு. இல்லாதவன் ஊரில் கேட்பவனும் இல்லாதவன், கேட்கப்படுகிறவனும் இல்லாதவன். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டுமா என்று நம் பாட்டிமார் கேட்பார்கள்.

நம் நாட்டில் மட்டும் வேறு விதமாக இருக்குமா? சிந்தித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். அதைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பும் உறவினர் இருக்க வேண்டும். நோயாளி பார்க்கப் பாவமாய் இருக்க வேண்டும். குழந்தையாய் இருந்தால் இன்னும் நல்லது. ஐம்பத்தைந்து வயதில் சிறுநீரகம் கெட்டுப்போன கொத்தனார், வாரம் மூன்று நாள் டயாலிசிசுக்குப் பேருந்தில் போய் வருகிறவர், அவருடைய முகம் எந்தக் கைப்பேசியில் நன்றாய்த் தெரியப் போகிறது? அவருக்கு வேண்டியது 16 கோடி அல்ல. போகவர வண்டிச் செலவும், கூட வரும் மனைவியின் இழந்த கூலியும்தான். இதைத் திரட்டக் கைப்பேசி உதவாது. பக்கத்து வீட்டார்தான் உதவ வேண்டும்.

நம் பங்கில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெயரும் தெருவும் வேண்டாம். கணவனை இழந்த ஒரு தாய். மகனுக்கு விபத்தில் கால் நொறுங்கிவிட்டது. உதவ வந்த இளைஞர்கள் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். "அம்மா, கட்டுப் பிரித்திருக்கும்போது ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம்; பார்த்தால்தான் நாலு பேருக்கு மனம் இளகும்" என்றார்கள். அந்தத் தாய் சேலைத் தலைப்பால் மகனின் காலை மூடினாள். "நாளைக்கு இவனுக்குப் பெண் கேட்டுப் போகணும் தம்பி. இந்தப் படம் அப்போதும் எங்கேயோ இருக்குமே?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. இணையத்தில் ஏற்றிய படத்தை இறக்கிவிட முடியும் என்று சொல்பவர்கள், அது எத்தனை கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல மாட்டார்கள். கடைசியில் படம் இல்லாமலே அந்த வேண்டுகோள் எழுதப்பட்டது. முகத்துக்குப் பதிலாக மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுத் தாளும், இந்தக் குடும்பத்தை நாங்கள் நேரில் அறிவோம் என்று பங்கிலுள்ள இருவர் கையெழுத்திட்ட கடிதமும் வைக்கப்பட்டன. ஆறு வாரத்தில் வேண்டிய தொகையில் முக்கால் பங்கு வந்தது. மீதியைப் பங்கு தாங்கியது. படம் போட்டிருந்தால் விரைவில் வந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தாய் கேட்டது சரி என்பதே நம் தீர்மானம். கொடுக்கிறவனுடைய இரக்கத்தைத் தூண்டுவதற்காக வாங்குகிறவனுடைய மானத்தை விலையாகக் கொடுக்கச் சொல்வது தர்மம் ஆகாது.

இனி ஏமாற்று. இதைப் பற்றித்தான் நம்மில் பலருக்குப் பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. 2017-இல் அமெரிக்காவில் ஒரு கதை பரவியது. நெடுஞ்சாலையில் காருக்குப் பெட்ரோல் தீர்ந்து நின்ற பெண்ணுக்கு, வீடற்ற முன்னாள் படைவீரர் ஒருவர் தம் கையிலிருந்த கடைசி இருபது டாலரைக் கொடுத்தாராம். அவருக்கு வீடு வாங்கித் தர உதவுங்கள் என்று அந்தப் பெண்ணும் அவளுடைய நண்பனும் கேட்டார்கள். ஏறக்குறைய 14,000 பேர் நான்கு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 2018 நவம்பரில், கதை முழுவதும் மூவரும் சேர்ந்து புனைந்தது என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். மூவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. கொடுத்தவர்களுக்குப் பணத்தை அந்தத் தளமே திருப்பிக் கொடுத்தது. இங்கோ வேறொரு வகை நடக்கிறது. உண்மையான ஒரு குழந்தையின் படத்தையும் கதையையும் அப்படியே எடுத்து, அடியில் தன்னுடைய எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுப் பரப்புகிறான் ஒருவன். பத்துக் குழுக்களில் வந்துவிட்டதே, பொய்யாய் இருக்குமா என்று நாம் நம்புகிறோம். பத்துக் குழுவுக்கும் அனுப்பியவர்களில் ஒருவராவது அந்த வீட்டு வாசலை மிதித்தவரா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

இதற்குப் பயந்து கையை மூடிக்கொள்வதா? சின்னப்பர் மூடிக்கொள்ளவில்லை. யெருசலேமுக்குப் பெருந்தொகை போக வேண்டியிருந்தபோது அவர் தாமே மடியில் முடிந்துகொண்டு புறப்படவில்லை. தீத்துவை அனுப்பினார், கூடவே சபைகள் தேர்ந்தெடுத்த, எல்லாரும் நன்கறிந்த சகோதரர் ஒருவரையும், சோதித்தறியப்பட்ட மற்றொருவரையும் அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது எவரும் நம்மேல் குறை சொல்ல இடம் வைக்கலாகாது, ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்று, மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் படியுங்கள். அப்போஸ்தலரே தம்மைச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவராக எண்ணிக் கொள்ளாதபோது, கணக்குக் கேட்டால் நம்மைச் சந்தேகிக்கிறார்களா என்று நாம் கோபிப்பது எந்த விதத்தில் பொருந்தும்?

பங்கின் வேலை எங்கே இருக்கிறது என்பது இப்போது தெரிகிறது. பணம் தூரத்திலிருந்து வரும். துபாயிலிருந்து வரும், பெங்களூரிலிருந்து வரும், நம் பெயரையே அறியாதவரிடமிருந்தும் வரும். ஆனால் அந்த வீட்டை நேரில் கண்டு, இது உண்மை என்று சொல்லும் சாட்சி தூரத்திலிருந்து வர முடியாது. அது பக்கத்தில் இருப்பவரால்தான் ஆகும். நம் வின்சென்ட் தே பவுல் சபையார் எத்தனையோ ஆண்டுகளாகச் செய்து வருவது இதைத்தானே? 1833-இல் பாரீஸ் நகரில் இருபது வயது மாணவராயிருந்த பிரடெரிக் ஓசானாம், தோழர்கள் சிலரோடு அந்தச் சபையைத் தொடங்கியபோது அவர்களுக்கு வழிகாட்டியவர் அருட்சகோதரி ரோசலி ரெண்டு. ஏழைகளைச் சபைக்கு வரவழைக்காதீர்கள். நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள் என்பதே அங்கிருந்து வந்த பழக்கம். இருவராய்ப் போவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், அடுத்த கூட்டத்தில் வந்து சொல்வார்கள். கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. வீட்டைப் போய்ப் பார்த்தல், கொடுத்ததை மறைத்தல் ஆகிய இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, பையின் இடத்தில் இணையத்தைச் சேர்த்துக்கொள்வதில் என்ன தடை?

நடைமுறைக்கு வருவோம். உதவி கேட்டு ஒரு குடும்பம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்க வழி உண்டு. அட்டை இருந்தும், எந்த மருத்துவமனை அதில் சேர்ந்தது என்று தெரியாமல் நகையை விற்றவர்கள் உண்டு. அரசாங்கம் செய்ய வேண்டியதை நம் உண்டியல் செய்யத் தொடங்கினால் அரசாங்கம் மறந்துவிடும் என்று இளைஞர்கள் சிலர் வாதிக்கிறார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு; நீதி கேட்பதை விட்டுவிட்டுத் தர்மம் மட்டும் செய்வது போதாது. ஆனால் நோயாளி அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே அட்டை, மனு, ஆட்சியர் அலுவலகம் எல்லாம் முதலில். அவற்றுக்கு மேல் எஞ்சும் தொகைக்கே திரள்நிதி.

தொகை எவ்வளவு என்பதை மருத்துவமனையின் கையெழுத்திட்ட மதிப்பீடு சொல்ல வேண்டும். உறவினரின் மனக்கணக்கு அல்ல. இயன்றவரை பணம் மருத்துவமனைக் கணக்குக்கே நேராகப் போகட்டும். வேறு வழியின்றி ஒரு வங்கிக் கணக்கைத் திறக்க நேர்ந்தால் அது தனியொருவர் பெயரில் வேண்டாம். இருவர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாததாக இருக்கட்டும். பணம் மிஞ்சினால் எங்கே போகும் என்பதை வேண்டுகோளிலேயே முதல் நாளே எழுதிவிட வேண்டும். சிகிச்சை பலிக்காமல் நோயாளி இறந்துபோனால் என்ன என்பதையும் எழுத வேண்டும். சாவு வீட்டில் போய், மீதிப் பணத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்கும் கொடுமை எந்தப் பங்குக்கும் வரக்கூடாது.

கொடுக்கிறவர்களுக்கும் இரண்டொரு செய்தி. தளம் நடத்துகிறவர்களுக்கும் செலவுண்டு. சிலர் நூற்றுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்கிறார்கள், சிலர் 'டிப்' என்று தனியே கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு தொகை முன்கூட்டியே நிரப்பியிருக்கும். மாற்றலாம், சில தளங்களில் சுழி ஆக்கவும் செய்யலாம், பார்த்துவிட்டு அழுத்துங்கள். தனி மனிதருக்குக் கொடுப்பதற்கு வருமான வரியில் 80-ஜி சலுகை கிடையாது. அந்தச் சலுகை அதற்கென்று பதிவு பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கே.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இதில் தெரியாமல் தவறுகிறவர்கள் பலர். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள். அவர்கள் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியுரிமை பெற்றுவிட்டவர், நம் ஊரில் பிறந்து நம் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவராயினும், சட்டப்படி வெளிநாட்டவர். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெறாத சங்கமோ அமைப்போ அவரிடமிருந்து நன்கொடை பெறக்கூடாது. பதிவு பெற்றவையும், 2020-இல் வந்த திருத்தத்தின்படி, புதுடில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் முதலில் பெற்றுக்கொள்ள வேண்டும். சொந்த ஊர்க்காரர்தானே என்று பங்குக் கணக்கில் போடச் சொல்லிவிட்டுப் பிறகு பங்குத் தந்தையை அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்காதீர்கள்.

கொடுத்தவர் பெயரை வெளியிடலாமா என்றும் கேட்கிறார்கள். புலிட்சர் வெளியிட்டார், பணம் குவிந்தது. நம் ஆண்டவரோ வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற கருத்தைப் போதித்தார். புதுக்கோட்டைச் சீமையில் மொய் விருந்து வைக்கிறார்கள் அல்லவா, அங்கே எழுதும் நோட்டில் ஒவ்வொரு பெயரும் தொகையும் இருக்கும். ஏனென்றால் அது திரும்பிச் செய்ய வேண்டிய கடன், பின்னால் கூட்டியே செய்ய வேண்டும். அது ஓர் அருமையான கூட்டுறவு. வட்டிக்காரனிடமிருந்து எத்தனையோ குடும்பங்களைக் காத்திருக்கிறது. ஆனால் நாம் பேசுவது திரும்பி வராத பணம். ஆகவே தொகையும் தேதியும் பலகையில் இருக்கட்டும், பெயர் வேண்டாம் என்பது நம் கருத்து. இளைஞர்கள் இதற்கு உடன்படவில்லை. பெயரைப் பார்த்தால் இன்னும் நாலு பேர் கொடுப்பார்கள் என்கிறார்கள். பேரவை பேசி முடிவு செய்யட்டும்.

கடைசியாக ஒன்று. கண்ணீர் வரும்போது மட்டும் கொடுப்பது என்ற பழக்கத்தில்தான் அந்தக் கொத்தனார் விடுபட்டுப் போகிறார். மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்கள். வாரந்தோறும் அதைத் திரட்டி விற்று ஆண்டவர் பணிக்குக் கொடுப்பார்கள். கடனுக்கு அரிசி வாங்கிய நாளிலும் அந்தப் பிடி தவறக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அவ்வழக்கம் நிற்கவில்லை. மிசோரம் திருச்சபையின் வருமானத்தில் அது பெரும் பங்கு. நம் வீடுகளிலும் பிடி அரிசிப் பானை இருந்ததுதான். ரேஷன் அரிசியும் குக்கரும் வந்த பிறகு மறைந்துவிட்டது. சின்னப்பர் சொன்ன வாரத்தின் முதல் நாள் கணக்கும் இந்தப் பிடி அரிசியும் ஒன்றுதான். யாருடைய படத்தையும் பார்க்காமல், யார் கதையையும் கேட்டு உருகாமல், முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவது.

அதைக் கைப்பேசியில் செய்வது எளிது. மாதம் ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ, குறித்த தேதியில் தானாகவே போகும்படி வைத்துவிடலாம். நம் பங்கில் முந்நூறு வீடு சேர்ந்து மாதம் நூறு என்று வைத்தால் முப்பதாயிரம். இதைக் கொண்டு 16 கோடி ஊசி வாங்க முடியாது. டயாலிசிசுக்குப் போகிறவர் நால்வரின் வண்டிச் செலவைத் தாங்கலாம். இணையத்தில் கேட்கக் கூச்சப்படுகிற வீட்டுக்கு, கேட்காமலே போய்க் கொடுக்கலாம். பெரிய தொகை தேவைப்படுகிறவர்களுக்கு வெளியுலகத்தை நோக்கி வேண்டுகோள் எழுதுகிறபோது, எங்கள் பங்கு இவ்வளவு கொடுத்துவிட்டது, மீதிக்கே கேட்கிறோம் என்று முதல் வரியில் எழுதலாம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கொடுக்கிற அந்நியர்கள் பலர் இருப்பார்கள் என்பது நம் நம்பிக்கை. உள்ளூர்க்காரர்கள் முதலில் கை வைத்த காரியத்தை வெளியூர்க்காரர்கள் துணிந்து நம்புவார்கள்.

வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர் இயக்கத்தாரும் சேர்ந்து இதற்கென ஒரு சிறு குழு அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வீடு பார்க்கப் போக நாலு பேர் வேண்டும். அவர்களில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் உண்மையைச் சொல்கிறவர் அடுக்களையில் இருப்பார். மருத்துவமனைத் தாள்களைப் படித்துப் புரிந்துகொள்ள நம் பங்கிலேயே ஓய்வு பெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். வேண்டுகோளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மிகைப்படுத்தாமல் எழுத ஒருவர், கணக்கு எழுத ஒருவர், அந்தக் கணக்கைச் சரிபார்க்க, குழுவில் சேராத இன்னொருவர். பெரிய நகரங்களுக்குப் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே எழுத்து வேலையைப் பார்க்கலாம். வீட்டுக்குப் போவதை மட்டும் இங்கே இருப்பவர்களே செய்தாக வேண்டும்.

மாதக் கணக்கை எழுதி ஒட்ட, கோயிலின் தெற்கு வாசலில் பழைய அறிவிப்புப் பலகை சும்மா கிடக்கிறது. கண்ணாடி உடைந்திருக்கிறது, அதை மாற்றித் தருவதாகத் தச்சு வேலை செய்யும் சகோதரர் ஒருவர் இன்று காலையே சொல்லிவிட்டார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக, திருப்பலிக்குப் பிறகு பங்கு அலுவலகத் திண்ணையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கும்.